கீழ்ப்பக்கம் பிடித்தவர்

இதை எழுதுகிறவன் றெனோல்டை முதலில் அறிந்தது காதால்தான்.

மன்னார்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து, குடும்பத்தின் முதற் பட்டதாரி என்ற நிமிர்வு குலையாமல் மொன்றியலில் வந்து இறங்கியிருந்த புதிது. அந்நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் ஞாயிறு தமிழ்ப் பூசை. பிரெஞ்சுக்காரர் எழும்பிப் போன வாங்குகள் சூடு ஆறுமுன்பே நம்மவர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். பிரசங்கம் முடிந்து எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொல்லத் தொடங்க, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. குரலா அது! பெரிய பீப்பாவுக்குள் நின்று ஒருவர் செபிப்பதுபோல முழங்கியது. முன்வாங்கின் பலகை அதிர்ந்ததைக் கைவிரல் உணர்ந்தது.

'பாதாளத்தில் இறங்கி' என்ற இடம் வந்தது. குரல் நின்றுவிட்டது. விளக்கை அணைத்ததுபோல நின்றது. மற்றவர்கள் 'மூன்றாம் நாள்' என்றதும் பழையபடி முழங்கியது.

இருமலாக்கும் என்று நினைத்தால், அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே இருட்டு. திரும்பிப் பார்த்தபோது, கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கத்தக்க ஒரு மனிதர், வாயை இறுக மூடியபடி நின்றார்.

வெளியே பனிக்குள் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஹென்றியிடம் கேட்கவேண்டி வந்தது. றெனோல்டோடு வீடு மாற்றும் வேலை செய்பவர் அவர்.

"அந்த அண்ணைக்கு அந்த இடத்தில மட்டும் என்ன?"

"அவர் நிலத்துக்குக் கீழ இறங்கமாட்டார், தம்பி," என்றார் ஹென்றி. "வாயாலயும் இறங்கமாட்டார்."

ஹென்றி சொன்னது பகிடி. ஆனால் அதற்குள் ஒரு முழு வாழ்க்கை கிடந்தது.

யூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். அன்றைக்கு றெனோல்டைப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு வெளியே சுருண்டு சுருண்டு ஏறும் இரும்புப் படிகளில், நெற்றியில் ஒரு பட்டி, முதுகில் ஒரு ஃபிரிட்ஜ். படி முனகும், மனிதர் முனகமாட்டார். எதிர்வீட்டுப் பல்கனியில் பியர் குடித்துக்கொண்டிருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் எழும்பி நின்று கைதட்டுவார்கள். அவர் மேலே போய் ஃபிரிட்ஜை இறக்கி வைத்துவிட்டு, கலியாண மாப்பிள்ளையைப்போல வெட்கத்தோடு தலையாட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் மெட்ரோவில் கால் வைத்ததில்லை. மெட்ரோவில் ஒரே மூச்சில் போகிற இடத்துக்கு, பனிக் காலையில் மாறி மாறி பஸ் பிடித்துப் போவார். கீழ்த்தளத்தில் சாமான் இருக்கிறது என்றால் வேலையை விட்டுவிடுவார். குடியிருப்பது மூன்றாம் மாடி. உடுப்புத் தோய்க்கும் மெஷின் கட்டடத்தின் அடித்தளத்தில். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது மனைவி ஜெயனி.

"ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் தூக்கிற மனுசன்," என்பார் ஜெயனி, "சொந்தச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு கீழ போகமாட்டார்."

காரணம் ஜெயனிக்குத் தெரியும். யுத்த நாட்களில், ஊரில் செல்லடி விழுந்த ஒரு மாலையில் பதுங்கியிருந்த பங்கர் இடிந்து, பனங்குற்றிகளோடு மண் அவரை மூடியது. அயலட்டைச் சனம் கையால் தோண்டி, தலைமயிரைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். அவருக்கு அப்போது இருபது வயதும் இல்லை. பிறகு வளர்ந்த பலம் எல்லாம் மேலே ஏறுவதற்கு மட்டும்தான்.

அதுவரை அந்தப் பயத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. மகள் றொஷினி பியானோ படிக்கத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது.

மொன்றியலில் எந்த நல்ல காரியமும் கோவிலின் அடித்தள மண்டபத்தில்தான் நடக்கும். பிரெஞ்சில் 'சூ-சொல்' என்பார்கள். பிள்ளைகளின் கச்சேரியும் அங்கேதான். சின்ன வயதில் றொஷினி ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "அப்பா, வாறீங்களோ?" ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு ட்ரக்கில் ஏதோ பழுது இருக்கும்.

ஆனால் அவர் போகாமல் இருந்ததில்லை. அடித்தளத்துக்கு நில மட்டத்தில் ஒடுங்கிய யன்னல் ஒன்று உண்டு. பனிக்குள் முழங்காலூன்றி, கண்ணாடியில் காதை வைத்துக் கேட்பார். ஒருமுறை நாயோடு வந்த பிரெஞ்சுக் கிழவி ஒருத்தி, கள்ளனோ என்று தடியை ஓங்கினாள். அவர் யன்னலைக் காட்டி, "மா ஃபீ," என்றார், 'என் மகள்' என்று. கிழவி தடியை இறக்கிவிட்டு, தானும் பக்கத்தில் குந்தியிருந்து முழுவதையும் கேட்டுவிட்டுப் போனாள்.

றொஷினிக்கு இது தெரியாது. பதினைந்து வயதில் அவள் 'வாறீங்களோ' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கச்சேரி என்றால் அம்மாவிடம் மட்டும் சொல்வாள். அந்த நிறுத்தம்தான் றெனோல்டைத் தின்றது.

இரண்டாயிரத்தாறு தவக்காலம், உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நோன்பு நாட்கள். பழைய படங்களில் பித்துப்பிடித்த ஒரு பிரெஞ்சுக்காரர், பேசாப்படக் காலத்துச் சுருள் ஒன்றை அந்த அடித்தளத்தில் திரையிட ஒழுங்கு செய்தார். நரகத்துக்குப் போன ஒரு பலவானின் கதை. படம் பேசாது, பக்கத்தில் இருந்து ஒருவர் பியானோ வாசிக்கவேண்டும். அதற்கு றொஷினியைக் கேட்டிருந்தார்.

கோவில் வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு பிரெஞ்சு வரி: அவர் பாதாளத்தில் இறங்கினார். பிரெஞ்சுப் பூசைக்கும் தவறாமல் போகிற பிலோமினம்மா அதை வாசித்தார். விசுவாசப் பிரமாணத்தின் அதே வரி! பிறகென்ன, தமிழ்ப் பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"வாற சனிக்கிழமை பின்னேரம் எங்கட ஆண்டவர் பாதாளத்தில இறங்கின படம் கீழ போடீனம். றெனோல்டின்ர மகள்தான் வாசிக்கப்போறா. எல்லாரும் செபமாலையோட வாங்கோ. ஒருசந்தி நோன்பு இருக்கிறவை சாப்பிடாமல் வாங்கோ."

பின்வரிசையில் றெனோல்ட் தலை குனிந்தார். தான் வாயால் சொல்லாத வரியே மகளின் பேரோடு சேர்ந்து வந்து காதில் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹென்றி றெனோல்டுக்குத் தொலைபேசி எடுத்தார். உருகிய பனித்தண்ணீர் சுவரால் கசிந்து, கீழே இருந்த பியானோ ஊறிப்போய்விட்டது. மேலே கோவிலுக்குள் இன்னொன்று இருக்கிறது. அதைக் கீழே இறக்கவேண்டும். படி ஒடுக்கம், நடுவில் ஒரு வளைவு.

றெனோல்ட் போனபோது றொஷினி படித்தலையில் நின்றாள். அவரைக் கண்டதும், அப்பா என்பதையே பிரெஞ்சாக்கி அவசரமாகச் சொன்னாள்: "பாப்பா, சே கொரெக், பரவாயில்லை. நான் கீபோர்ட் கொண்டுவந்து சமாளிக்கிறன். நீங்கள் இறங்கத் தேவையில்லை."

கேட்டிருந்தால் மறுத்திருப்பார். அவள் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது.

"ஆர் கீழ்ப்பக்கம் பிடிக்கிறது?" என்றார்.

"நான் பிடிக்கிறன், அண்ணை. நீங்கள் மேல நில்லுங்கோ," என்றார் ஹென்றி.

றெனோல்ட் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீ கீழ நிண்டால் பியானோவுக்கு மெத்தை கிடைக்கும். தள்ளடா."

பாரம் இறக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பாரம் முழுவதும் கீழ்ப்பக்கத்து ஆளின் மேல்தான் சாயும். அவர் பின்பக்கமாக இறங்குவார். முகம் எப்போதும் மேலே பார்த்திருக்கும். காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. மேலே நிற்பவர் சொல்ல வேண்டும். றெனோல்ட் பியானோவின் நுனியை நெஞ்சில் வாங்கினார். படி, படி, படி என்று ஹென்றி சொல்லிக்கொண்டு வந்தார். பியானோவுக்கு மேலால் வாசல் வெளிச்சமும், அந்த வெளிச்சத்துக்குள் மகளின் முகமும் தெரிந்தன. அதைப் பார்த்தபடி இறங்கினார்.

வளைவு வந்தது. வாசல் மறைந்தது. மகளும் மறைந்தாள். ஈரச் சுவரின் மண் மணம் மூக்கில் ஏறியது.

மனிதர் நின்றுவிட்டார்.

"அண்ணை? படி," என்றார் ஹென்றி. "அண்ணை, என்ர கை கழரப்போகுது!" கீழே மூச்சு மட்டும், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல.

றொஷினி ஓடிவந்தாள். ஹென்றியின் கைக்குக் கீழால் குனிந்து, பியானோவின் மூடியை ஒரு சாண் தூக்கி, எட்டிய கட்டையை அழுத்தினாள். அடித்தொண்டைச் சுரம் ஒன்று. அது காற்றில் வரவில்லை. மரத்துக்குள் ஓடி, மரம் ஊன்றியிருந்த நெஞ்செலும்புக்குள் இறங்கி, முதுகுவரை அதிர்ந்தது.

"அப்பா, கேக்குதோ?"

அவள் இன்னொருதரம் அழுத்தினாள். பிறகு அந்தப் பீப்பாக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "ஓம். நெஞ்சில கேக்குது. விடாமல் அடி, பிள்ளை."

அவள் அடித்தாள். அவர் இறங்கினார். அடிக்கு ஒரு படி, அடிக்கு ஒரு படியாக அந்தப் பியானோ நரகத்துக்கு, அதாவது மண்டபத்துக்கு, வந்து சேர்ந்தது. அவர் சட்டை பிழிந்தெடுக்கலாம்போல இருந்தது. ஏறிப்போக வழி திறந்தே கிடந்தது. அவர் போகவில்லை. படியின் கடைசிப் பலகையில், கைப்பிடியைப் பிடித்தபடி இருந்துவிட்டார்.

பின்னேரம் செபமாலையோடு சனம் வந்தது. விளக்கை அணைத்தார்கள். திரையில் முதலாவதாக வந்தது வெற்று மார்போடு ஒரு கல்லுடைக்கிற மல்லன். முன்வரிசைப் பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

"ஆண்டவர் நல்லாத் தேறியிருக்கிறார் என்ன?" என்றார் ஹென்றி.

"பொத்தடா வாயை," என்றார் பிலோமினம்மா. அவருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. ஆனால் எழும்பிப் போகவில்லை. படம் எழும்ப விட்டால்தானே!

நிலம் பிளந்து மல்லன் கீழே போனான். படச்சுருளுக்குக் கையாலே சிவப்புப் பூசியிருந்தார்கள்; நரகம் முழுவதும் இரத்தினம்போல எரிந்தது. வால் முளைத்த குட்டிப் பேய்கள் தூண்களில் தாவின. புகைக்குள்ளிருந்து செட்டையடித்து ஒரு பூதநாகம் வந்தது. நரகத்தின் கூரை இறங்கத் தொடங்கியது. மல்லன் அதைத் தோளில் தாங்கினான். அவனுக்குக் கீழால் ஆன்மாக்கள் குனிந்து குனிந்து வெளியே ஓடின. கடைசியில் ஒரு நொண்டித் தையற்காரன் மெதுமெதுவாக வந்தான்.

றெனோல்ட் கைப்பிடியை விட்டு எழும்பியிருந்தார். பாரம் தூக்குகிறவன் கண்ணுக்கு ஒன்று உடனே பிடிபட்டது: பாறை பொய், ஆனால் கழுத்து நரம்பு மெய். எண்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒருவன், பெயர் தெரியாத ஒருவன், உண்மையாகவே முக்கித் தாங்கியிருக்கிறான்.

தையற்காரன் தப்பினான். கூரை விழுந்தது. திரை கறுத்தது.

றொஷினி கட்டைகளிலிருந்து கைகளை எடுத்துவிட்டாள்.

ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை. நிலத்துக்குக் கீழே அத்தனை பேரும் அந்த இருட்டில் மூச்சுப் பிடித்திருந்தார்கள். றெனோல்டும் இருந்தார். தனியே இருக்கவில்லை என்று அவர் பிறகு சொன்னார். ஊர்ச்சனம் முழுக்கத் தன்னோடு மண்ணுக்குள் இருந்ததுபோல இருந்ததாம்.

புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து ஒரு கை. பிறகு தோள். பியானோவின் அடித்தொண்டைச் சுரம், படிவளைவில் கேட்ட அதே சுரம், ஒற்றையாக எழுந்தது.

"உயிர்த்தெழும்பிட்டார்!" என்று கத்தினார் பிலோமினம்மா. மண்டபம் கைதட்டியது. தவக்காலம் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

விளக்குப் போட்டபோது றெனோல்ட் பியானோவுக்குப் பக்கத்தில் நின்றார். றொஷினி நிமிர்ந்து பார்த்தாள். "இருந்து பாத்தீங்களோ?"

"முழுக்க. நீ கையை எடுத்த இடம்தான் திறம்," என்றார். "யன்னலால கேக்கிறது வேற."

"எந்த யன்னல்?"

அவர் கையால் காட்டினார். கண்ணாடிக்கு வெளியே, நில மட்டத்தில், மண்டபத்து வெளிச்சம் விழுந்த உருகாத பனியில், அந்தக் கிழமை ஒத்திகை கேட்க முழங்கால் வைத்த குழி இரண்டு தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பூசையில் அந்த வரி வந்தது. சபை சொல்லி முடித்தது. ஒரு கணம் கழித்து, எல்லோருக்கும் பிந்தி, தனியொரு குரல் 'பாதாளத்தில் இறங்கி' என்றது. வாங்குகள் அதிர்ந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை என்பதே சரி.

றெனோல்ட் இப்போதும் கார்ட்டியர்வில்லில் அதே மூன்றாம் மாடியில் இருக்கிறார். வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறார். மெட்ரோ இன்னும் சரிவரவில்லை. உடுப்புக் கூடையை அவரே கீழே கொண்டுபோகிறார். றொஷினி சீஜெப் கல்லூரியில் இசை படிக்கிறாள். அவள் வாசிக்கும் நாட்களில் அவர் அடித்தள மண்டபத்தில், பியானோவுக்குக் கிட்ட உள்ள கதிரையில் இருக்கிறார்.