டிஸ்க் தெரிந்ததும் கேட்ட பெயர்

வில்லியனூரில் ஒரு சின்ன கிளினிக். இடி விழுந்து அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரின் போர்டு எரிந்துபோனது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. அதை அப்படியே இமேஜ் ஃபைலாக நகலெடுத்து, புது மெஷினுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக, ஓட வைக்க வேண்டும். இதுபோல் எத்தனையோ செய்திருக்கிறேன். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் போனேன்.

நுழையும்போதே நர்ஸ் ஜீவா காதோடு சொன்னாள்.

"அக்கா, அந்த ஓரத்து சேர்ல யாரும் உக்கார மாட்டறாங்க. இடி வுழுந்த அன்னிக்கு உறுவையாறு ஊர்க்காரங்க அஞ்சலாட்சி அதுலதான் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னு வந்தவங்க. பேரு கூப்புடறதுக்குள்ள கரண்ட்டும் போச்சு, உயிரும் போச்சு."

ஹால் நிறைய ஆட்கள் நின்றார்கள். அந்த நாற்காலி மட்டும் காலி. பக்கத்தில் அஞ்சலாட்சியின் கணவர் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். மகள் கௌசல்யாவைப் பிரசவ வலியோடு அழைத்து வந்திருந்தார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். "இந்தப் பொண்ண பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன், ஆம்புலன்ஸ் வருது. மொத பிரசவத்துல ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காம பொழைச்சதே பெருசு. எந்த ஊசின்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் ஞாபகம் இல்ல. அந்த டிஸ்க்குலதான் இருக்கு. சீக்கிரம் எடுத்துக் குடுங்கம்மா."

இமேஜ் எடுத்து விர்ச்சுவல் மெஷினை ஆன் செய்தேன். விண்டோஸ் லோகோ வந்து, நீலப் பிழைத் திரையில் நின்றுவிட்டது. விண்டோஸைச் சரிசெய்யும் ரெக்கவரி சிடியைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் ஒன்றுகூட இல்லை என்றது. வெளியே இமேஜ் ஃபைல் முழு அளவில் இருக்கிறது, உள்ளே அது கண்ணில் படவில்லை. டிஸ்க்கை மெஷினோடு இணைக்கும் கன்ட்ரோலராக நான் விர்ட்ஐஓவை வைத்திருந்தேன். விர்ச்சுவல் மெஷினுக்கென்றே வந்தது, வேகமானது. அந்தப் பழைய விண்டோஸிடம் அதை அடையாளம் காணும் டிரைவர் கிடையாது. சாட்டா என்ற இன்னொரு வகைக்கு மாற்றினேன். மறுபடி நீலத் திரை.

உள் அறையில் கௌசல்யா முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. எரிந்துபோன மெஷினில் இருந்தது போலவே, பழைய வகையான ஐடிஇக்கு மாற்றினேன். இந்த முறை நிற்காமல் விண்டோஸ் திறந்தது.

ரெக்கார்டைத் திறந்து ஊசியின் பெயரை உரக்கப் படித்தேன். டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். அவர் பேனாவை மூடுவதற்குள் ஹால் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அஞ்ச... லாட்சி. உள்ளே வாருங்கள்."

பேஷண்ட்டுகளை வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிடும் டோக்கன் சாஃப்ட்வேரின் குரல். ஹாலில் எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து கௌசல்யா கத்தினாள்: "அப்பா, அம்மாவக் கூப்புடறாங்கப்பா!"

சத்தத்தை நிறுத்தப் பார்த்தேன். மவுஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. குரல் மறுபடி கூப்பிட்டது.

கலியபெருமாள் எழுந்தார். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில் வந்து நின்றார்.

"அவ இல்லீங்க. நான் வந்துருக்கேன்."

டாக்டரம்மா சாஃப்ட்வேர் கதை எதுவும் சொல்லவில்லை. பேஷண்ட் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. அன்னிக்கு அவங்களுக்கு இன்னா பண்ணுச்சு, சொல்லுங்க."

"வூட்ட பூட்டும்போதே மாருல கல்லு வெச்சாப்ல இருக்குன்னு சொன்னா. இங்க வந்து, எப்ப கூப்புடுவாங்கன்னு கேட்டுக்கினே இருந்தா. இருடி, கூப்புடுவாங்கன்னேன்."

ஆம்புலன்ஸ் வரும்வரை டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கலியபெருமாள் மகளோடு ஏறிப் போனார். அந்த ஊசியைத் தவிர்த்துவிட்டார்கள். பெண் குழந்தை, தாயும் நலம் என்று மறுநாள் ஜீவா போனில் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான்: அந்த சாஃப்ட்வேர் விண்டோஸோடு தானே திறக்கும், வரிசையில் நின்றுபோன பெயரிலிருந்து தொடங்கி இரண்டு முறை கூப்பிடும். புது மெஷினில் ஸ்பீக்கர் ஒயரை ஜீவா முன்கூட்டியே மாட்டியிருந்தாள். திரையில் இரண்டு பட்டன்கள்: 'வரவில்லை', 'பார்த்தாச்சு'. ஒன்றை அழுத்தாவிட்டால் அடுத்த பெயர் வராது.

ஆம்புலன்ஸ் போனதும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "எதைப் போடட்டும் மேடம்?"

அவர் திரையிலிருந்த பெயரைப் படித்தார். "பார்த்தாச்சுன்னு போடுங்க."

இப்போது எந்தப் பழைய மெஷினை ஏற்றினாலும், முதல்முறை ஆன் செய்வதற்கு முன்னால் நெட்வொர்க்கையும் சவுண்ட் கார்டையும் கழற்றிவிடச் சொல்கிறேன். டீமில் புதிதாகச் சேர்பவர்கள், "நெட்வொர்க் சரி, சவுண்ட் எதுக்கு மேடம்?" என்பார்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது என்பேன்.