இன்னொருக்கா கேட்காத படக்காரர்

குணா அண்ணை செத்துப்போன செய்தியை எனக்கு ஒரு மனிதரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஹரோவில் என் வீட்டில் இருந்து பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியவீட்டுப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் வந்து விழுந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுடர் அசைகிறது. மேலிருந்து ரோசா இதழ்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் ஒரு முகம். யாரோ எவரோ என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைக் காணவில்லை. நரைத்த மீசை கறுத்திருந்தது. கன்னம் மெழுகு பூசினதுபோல வழுவழுவென்றிருந்தது. கீழே கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, அதற்கும் கீழே, அஞ்சலியைவிடப் பெரிய எழுத்தில், எங்களோடு முந்தி வேலை செய்த ரமேசின் வீடியோக் கம்பனிப் பெயரும் போன் நம்பரும் போட்டிருந்தது.

மோர்டனில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவருடைய மனைவி மங்கை அக்காதான் எடுத்தார். "ஓம் தவம், உண்மைதான். விடியப்புறம் நெஞ்சு நோகுது எண்டவர். அம்புலன்ஸ் வரமுன்னம் எல்லாம் முடிஞ்சுது," என்றார். மகள் மான்செஸ்டரில் வேலை செய்கிறாள். அந்தப் பிள்ளைக்குத் தாய் சொல்லமுன்னமே போஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பெற்ற தகப்பன் போனதை ஒரு பிள்ளை ரோசா இதழ் கொட்டக் கொட்டப் பார்த்து அறிந்திருக்கிறது. சீ! என்ன சனமடா இது என்று எனக்கு வயிற்றைக் குமட்டியது. அன்று தொடங்கிய குமட்டல் இதை எழுதும்வரை அடங்கவில்லை. ஆகவே, அவரைத் தெரிந்த நீங்கள், இதில் இனிப்பான வார்த்தைகளைத் தேடவேண்டாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குணா அண்ணை லண்டனில் கலியாணப் படம் எடுத்தவர். நானும் அவரும் கமரா, ரமேஸ் வீடியோ. மூன்று பேரும் ஒரே வான் வண்டியில்தான் எல்லாக் கலியாணங்களுக்கும் போவோம். அண்ணை அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் ஒரு சொல்லோடு எங்கள் வாயை அடைத்துவிடுவார். மணமேடையைச் சுற்றி நாங்கள் நின்று சனத்துக்கு மறைக்கும்போது, "டேய், தள்ளி நில்லுங்கோடா, கூலிக்கு வந்த நாங்களோ மாப்பிளை?" என்று கேட்பார். எங்களுக்கு உறைக்காது. நாங்கள் இன்னும் கிட்டப் போவோம்.

மங்கை அக்கா ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தவர். அங்கே கூட வேலை செய்த ரேச்சல் என்ற யூதப் பெண் டொக்டர் ஒருநாள், "உன் புருசன் படம் எடுப்பாராமே, என் கலியாணத்துக்கு வருவாரா? சின்னக் கலியாணம்தான்," என்று கேட்டிருக்கிறாள். சின்னக் கலியாணம் என்று எங்கள் ஆட்களும்தான் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் அறுநூறு பேர் நிற்பார்கள். அந்த நம்பிக்கையில் ரமேஸ் ட்ரோன், புகை மெஷின், கிரேன் எல்லாவற்றையும் வானுக்குள் ஏற்றினான். போய் இறங்கினால், பின்ச்லிப் பக்கம் ஒரு வீட்டின் பின்வளவு. பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய கதிரைகள், ஒன்றுபோல ஒன்று இல்லை. நாற்பது பேர் இருப்பார்கள். பெண்ணின் தகப்பன் அடுப்படியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சாலட்டுக்கு வெள்ளரிக்காய் வெட்டுகிறார். மணப்பெண் வெறுங்காலோடு வந்து எங்களுக்குத் தேத்தண்ணி தந்தாள். ரமேஸ் என் காதில், "தவம் அண்ணை, உண்மையா இண்டைக்குத்தானோ கலியாணம்?" என்று கேட்டான்.

மணவறை என்று நாங்கள் சொல்வது அவர்களுக்கு நாலு தடிதான். நாலு சிநேகிதர் ஆளுக்கொரு தடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே மாப்பிள்ளை டேனியலின் பாட்டனார் பிரார்த்தனைக்குப் போர்த்த பழைய சால்வையைக் கட்டியிருந்தார்கள். கை உளைந்தால் அடுத்த ஆளிடம் தடியை மாற்றிக்கொடுத்தார்கள். சடங்கு செய்ய வந்த குருவும் ஒரு பெண், காலில் ஓடப் போடுகிற சப்பாத்து. வீட்டு நாய் வந்து பெண்ணின் சட்டை விளிம்பில் படுத்துக்கொண்டது. நாயைக் கலைக்கச் சொல்லி ரமேஸ் கையைக் காட்டினான். குணா அண்ணை அவனைப் பார்த்த பார்வையில் அவன் கையை மடக்கிவிட்டான்.

அங்கேதான் நாங்கள் பிழைவிட்டோம். எங்கள் கலியாணத்தில் ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் கடவுளைப் பார்ப்பதில்லை, எங்களைத்தான் பார்ப்பார். "படக்காரர் ரெடியோ?" நாங்கள் தலையாட்டினால்தான் கெட்டிமேளம். அப்படியே பழகிப்போய், இங்கேயும் அந்தக் குருவம்மா எங்களைத் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றோம். யூதக் கலியாணத்தில் முடிவில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கோப்பையைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்து உடைப்பான். அதுதான் அவர்களுக்குத் தாலி கட்டுகிறமாதிரி. குருவம்மா எங்களைப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. டப் என்று ஒரு சத்தம். எல்லாரும் கத்திக் கைதட்டுகிறார்கள். எங்கள் மூன்று பேரின் கமராவிலும் ஒன்றுமில்லை. அட கோதாரி!

ரமேஸ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஒன் மோர் டைம் ப்ளீஸ்! வேறை கிளாஸ் இருக்கோ?" என்று கூவிக்கொண்டு முன்னால் பாய்ந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற சனம் அப்படியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. குணா அண்ணை அவன் சேட்டுக் கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, நேராகப் பெண்ணின் தகப்பனிடம் போய்த் தன் உடைந்த இங்கிலீசில், "சொறி சேர், எங்களுக்குத் தவறிப்போச்சு. படம் இல்லை," என்றார். அந்த மனிதர் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை, நாங்கள் எல்லாரும் இங்கேதானே நின்றோம்," என்றார். அவ்வளவுதான். தோளில் தட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. சடங்கு முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் ஓடி ஓர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். ரமேஸ் பழக்கதோசத்தில் கமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டான். கதவடியில் பெண்ணின் தோழி குறுக்கே நின்றாள். கொஞ்ச நேரம் அவர்கள் இரண்டு பேரும் தனிய இருப்பதும் கலியாணத்தில் ஒரு பகுதியாம், தாய் தகப்பன்கூட உள்ளே போகக்கூடாதாம். "உள்ளை என்ன செய்வினம்?" என்று அண்ணை என் மூலம் கேட்பித்தார். "சாப்பிடுவார்கள். காலையிலிருந்து பட்டினி," என்றாள் அவள். குணா அண்ணை கமராவை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் இருந்துவிட்டார். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நல்ல சனம்," என்றார். அந்தக் கலியாணத்துக்கு அவர் கொடுத்த பட அல்பத்தில் கண்ணாடி உடைகிற படம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். ரேச்சல் அதைத்தான் எல்லாருக்கும் விரித்துக் காட்டுவாளாம்.

அன்று மோர்டனில் அவரை இறக்கிவிடப் போனபோது மங்கை அக்கா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார். அண்ணை சாப்பிடாமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மங்கை, எங்கடை கலியாணத்தண்டு நான் உன்னோடை முதல் கதைச்சது என்ன, ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். அக்கா சிரித்தார். "ஏன் இல்லை? 'இந்தப் பக்கம் திரும்பட்டாம்' எண்டனியள். படக்காரன் சொல்லச் சொன்னவன்." சிரிப்பு அப்படியே நின்றுபோக, அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்கு இவர் ரெண்டு தரம் தாலி கட்டினவர், தெரியுமோ? முதல் தரம் ப்ளாஷ் அடிக்கேல்லையாம். கழட்டித் திரும்பக் கட்டச் சொன்னவங்கள். எனக்கெண்டால் எது உண்மையான கட்டு எண்டு இண்டைக்கும் தெரியாது." அண்ணை எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்களின் கலியாணம். மாப்பிள்ளை ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். மணமேடையில் புகை. ஐயர் இருமுகிறார். தாலி கட்டி முடிய ரமேஸ், "ஒருக்காத் திரும்பக் கட்டுங்கோ, அங்கிள் குறுக்கை வந்திட்டார்," என்றான். மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனான். "தொடாதை!" என்று ஒரு சத்தம். குணா அண்ணைதான். மண்டபம் முழுக்கக் கேட்டது. "படம் பிழைச்சால் படம்தான் பிழைச்சது. கலியாணம் பிழைக்கேல்லை. விடு!" பெண்ணின் மாமன் வந்து, படக்காரனுக்கு என்ன வாய் என்று எகிறினார். அண்ணை கமராவைப் பையில் வைத்துப் பூட்டிக்கொண்டு பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு ஊரெல்லாம் இதே கதை. குணாவுக்கு விசர், குணாவைக் கூப்பிட்டால் சண்டை. இதைச் சொல்லித் திரிந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரமேஸ் தனிக் கம்பனி தொடங்கினான், கலியாணங்கள் எல்லாம் அவனிடம் போயின. அண்ணை சின்னச் சின்ன வேலைகளோடு இருந்தார். ஒருநாளும் வாய் திறந்து குறைசொன்னதில்லை. நான்தான் வயிறெரிந்து திட்டுவேன். "சும்மா இரு தவம், அருவருப்பான சாமானைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போறதுதானே," என்பார்.

தள்ளிப் போனவரை விடவில்லையே! செத்தவீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், பெட்டியைச் சுற்றி ரமேசின் ஆட்கள். மூன்று கமரா, தலைமாட்டில் ஒரு லைட். கனடாவில் இருக்கும் அண்ணையின் தம்பி நேரலைக்கு ஒழுங்குசெய்தாராம். அஞ்சலி சொல்ல முதல் ஆளாக ரமேஸ் மைக்கைப் பிடித்தான். "குணா அண்ணை எனக்குக் குருமாதிரி," என்றான். குரல் தழுதழுத்தது. ஒரு கண்ணால் கமராவில் சிவப்பு லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

கடைசியாக வாய்க்கரிசி. மகள் போட்டாள். மங்கை அக்காவைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அரிசியை எடுத்துப் போட்டு, அண்ணையின் நெற்றியில் கையை வைத்தபடி குனிந்து என்னவோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்து திரும்ப, ரமேசின் கமராக்காரப் பையன்களில் ஒருவன் அவனிடம் எதையோ முணுமுணுத்தான். ரமேஸ் கிட்ட வந்தான். மெல்லிய குரலில், வலு மரியாதையாக, "அக்கா, ஒருக்காத் திரும்பப் போடுறியளோ? போகஸ் வரேல்லையாம். கனடாவிலை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கினம்," என்றான்.

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். சத்தியமாக அடித்திருப்பேன். அதற்குள் அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. பிள்ளைக்குப் பாடம் விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்.

"அவர் ஒருக்காத்தான் தம்பி செத்தவர்."

கமராக்காரப் பையன்கள் ஒவ்வொருவராகக் கமராவை இறக்கினார்கள். ரமேஸ் மட்டும் கையில் மைக்கோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். ஐயர் பெட்டியை மூடச் சொன்னார்.

செத்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த பிறகு ரமேஸ் மோர்டன் வீட்டுக்குப் போய், குருவின் நினைவாக அண்ணையின் கமராவைக் கேட்டிருக்கிறான். அக்கா தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன் அக்கா குடுத்தனியள், அதுவும் அவனுக்கு?" என்று கத்தினேன். "கமராதானே தவம், கொண்டுபோகட்டும்," என்றார் அவர்.

சரி, அது அவனோடு இருக்கட்டும். குணா அண்ணையின் பொறுமை எனக்கு வரவில்லை. தள்ளிப் போகிற பெருந்தன்மையும் வரவில்லை. அவர் மூக்கைப் பொத்தினாரே, அந்த அருவருப்பு மட்டும் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல மனிதர் ஒருவரை நினைக்கும்போது இப்படி ஒன்றையா சொல்வது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். நான் இன்னும் படம் எடுத்துத்தான் சாப்பிடுகிறேன். ஒரு பெண்ணைப் பார்த்து, அழுதது படத்தில் வடிவாக விழவில்லை, இன்னொருக்கா அழுங்கோ என்று சொல்ல என் வாய் திறக்கும் நாளில், அந்த அருவருப்புத்தான் என் தொண்டையைப் பிடிக்கவேண்டும்.