சதுரத்துக்குள் ரிக் வண்டி

இழுத்தால் ஆள் மாறும், நிரப்பினால் தலை போகும், அடக்கினால் எறும்பாகும். அது என்ன? சிறுவர் இணைய இதழில் படம் பொருத்தி அல்லாடுகிற உங்களுக்கும் எனக்கும் விடை தெரியும்: பிள்ளைகள் அனுப்பும் ஓவியம். எங்கள் பக்கத்தில் அதற்குக் கிடைப்பது ஒரு சதுரம். பிள்ளைகள் யாரும் சதுரமாக வரைவதில்லை.

கோழி

புதுச்சத்திரத்திலிருந்து தர்ஷினி என்ற நான்காம் வகுப்புச் சிறுமி ஒரு கோழி வரைந்து அனுப்பினாள். அவள் அப்பா, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். மகள் படம் வந்தால் அங்கிருந்தே போனில் பார்ப்பார். கோழி நல்ல உயரம், ஒல்லி. என்னுடன் வேலை செய்யும் செல்வி, இரு பக்கமும் வெற்றிடம் எதற்கென்று அகலத்தை மட்டும் இழுத்துச் சதுரத்தை நிரப்பிவிட்டாள்.

மறுநாள் காலை தர்ஷினியின் அம்மா கூப்பிட்டார். கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். “ஏனுங்க, எங்க கோழிக்கு என்ன தீவனமுங்க போட்டீங்க? சொன்னா பண்ணைக்கும் வாங்கச் சொல்லுவேனுங்க.”

வண்டி

அதன் பிறகு நீளத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில்தான் மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். தர்ஷினியின் அடுத்த படம், இரண்டு தாள்களை ஒட்டி வரைந்த ரிக் வண்டி. வால்பக்கம், துளை போடுகிற இடத்தில், மஞ்சள் தொப்பியோடு அப்பா. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். அன்றைக்குப் படம் வரவேண்டும்.

செல்வி சதுரம் நிரம்பும்வரை பெரிதாக்கி, சரியாக நடுவில் வைத்தாள். வண்டியின் வயிறு மட்டும் தெரிந்தது. “அவங்க அப்பா எங்கேம்மா?” என்றேன்.

“வண்டி கச்சிதமா நடுவுல நிக்குது சார். அவரு போய் ஓரமா நின்னா நான் என்ன பண்றது?”

மிச்ச இடம்

முழு வண்டியையும் அடக்கினால் அப்பா அரிசிமணி அளவு. மேலும் கீழும் வெறும் வெள்ளை. அப்பா பக்கத்தை மட்டும் பெரிதாக வைத்தால் வண்டியின் முன்பாதி போய்விடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் படம் அவளுடையது. இரண்டையும் அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். தர்ஷினியே எடுத்தாள்.

“எது போடட்டும் சாமி?”

“வண்டி முழுசா வேணுமுங்க. அப்பா சின்னதா இருந்தா என்னங்க, ரெண்டு வெரல் வெச்சுப் பெருசாக்கிப் பாத்துக்குவாரு. ஆனா நடுவுல வேண்டாமுங்க.”

“நடுவுல வெச்சாத்தானே அழகு?”

“மேல ஒட்டி வைங்க. கீழ இருக்கற வெள்ளையில நான் கொழா எறக்கோணுமுங்க. வெள்ளையப் பாதி மேல விட்டுட்டா, தண்ணி வர்ற ஆழம் எங்கிங்க இருக்கும்?”

அன்று சாயங்காலமே இன்னொரு தாள் வந்தது: ஒரு நீளக் குழாய், அதன் அடியில் நீலமாகத் தண்ணீர். நடுவில் வைப்பதே எங்கள் தொழில் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை வண்டி, தர்ஷினி சொன்னபடி, மேல் ஓரத்தில் வந்தது.