மனுவில் ஒரு ‘பிசீச்’

மனு எழுதுவது என் பிழைப்பு. அடுத்தவர் கஷ்டத்தை ஆபீசர் படிக்கிற மாதிரி ஒரு பக்கத்தில் அடக்கித் தர வேண்டும். புதுக்கோட்டையில் காகிதத்தோடு வரிசையில் நின்றவர் யாருக்கும் என் பாடு புரியும்.

கனமான சொல்

இங்கிலீஷ் மனு என்றால் ‘பிசீச்’ போடாமல் எனக்குக் கை ஓடாது. இப்போது யாரும் எழுதாத பழைய சொல். மன்றாடிக் கேட்கிறேன் என்று அர்த்தம். இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லாமல் கையெழுத்து வாங்க மாட்டேன். வடக்கே ஏதோ பெரிய ஆபீசுக்கு நாலாவது தடவையாக அதே மனுவை எழுத வந்த கொடும்பாளூர் விவசாயி ஒருவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தச் சொல்ல இன்னும் ரெண்டு எடத்துல போடுங்க. போன தடவ பத்தல போலருக்கு.”

கெஞ்ச மாட்டேன்

விராலிமலையிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வந்தார். கணவர் முருகேசன் குவைத்தில். எட்டு வயது மகளுக்குக் காலில் ஆபரேஷன், தேதியும் கொடுத்தாச்சு. அப்பா வராமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள் பிள்ளை. கம்பெனி மேனேஜர் லீவு தரவில்லை. அவருக்குத்தான் லெட்டர்.

எழுதிப் படித்துச் சொன்னேன். ‘மன்றாடி’ என்றதும் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “மூணு வருசம் ஊருக்கு வராம ஒழைச்ச மனுசனுக்கு லீவு கேக்குறோம். நான் எதுக்குங்க மன்றாடணும்?”

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பேரை அவர்களைக் கேட்காமலே கெஞ்ச வைத்திருக்கிறேன். செல்போனில் அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தேன். ‘தேடு’ என்பதற்கான இங்கிலீஷ் சொல்தான் அதன் வேராம். விடாமல் தேடுவதுதான் முதல் அர்த்தம், கெஞ்சல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று போட்டிருந்தது. அதைச் சொன்னேன். செல்வி மறுபடி பேனாவை எடுத்தார். “அப்ப அது இருக்கட்டுங்க. அந்தப் பிள்ள ரோட்டுல வந்து நிக்கிற ஒவ்வொரு திருச்சி பஸ்ஸுலயும் அவுங்கப்பாவத்தான் தேடுது.”

லெட்டர் போன இடம்

அடுத்த மாதம் ஒருவர், காலில் மாவுக்கட்டுப் போட்ட பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். “செல்வி வீட்டுக்காரருங்க,” என்றார். மேனேஜருக்கு அந்தச் சொல் விளங்காமல், முருகேசனையே கூப்பிட்டு அர்த்தம் கேட்டிருக்கிறார். அதைச் செல்வி போனில் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். “எம் மக என்னையத் தேடுதுன்னு அர்த்தம் சார்னேன். மேனேஜரு எந்திரிச்சு வந்து என் தோள்ல கைய வச்சாரு. டிக்கெட்டு போடுன்னுட்டாரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கிறதற்காகப் பிள்ளையிடம், “ஆபரேஷனுக்கு அழுதியா?” என்று கேட்டேன். “இல்ல, அப்பாதான் அழுதாரு.”

புரிந்த ஆபீசர்களிடம் இத்தனை வருஷமும் ஒன்றும் சாதிக்காத சொல், புரியாத ஒருவரிடம் போய்த்தான் வேலையை முடித்துக்கொண்டு வந்தது.