மூச்சுக்கு இரண்டு புள்ளி

திருமங்கலம் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு முன் வாசித்துப் பார்க்கிறார். மேலே தமிழ், கீழே, தமிழ் எழுத்திலேயே, அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரம். நான் பிழை திருத்திப் பிழைப்பவள். வாய் சும்மா இருக்கவில்லை.

“ந-வுக்குப் பக்கத்துல ரெண்டு புள்ளி தெரியாம விழுந்திருக்குங்க.”

“அச்சாபீஸ்காரரும் இதச் சொல்லித்தான் அம்புட்டையும் எடுத்துட்டாருக்கா. மல்லுக்கட்டித் திரும்பப் போட வச்சிருக்கேன். எங்க பாஷையில ந ரெண்டு இருக்கு. அந்தப் புள்ளி மூச்சு. கைய வாய்கிட்ட வச்சு உங்க ந-வச் சொல்லுங்க.”

சொல்கிறேன். கையில் ஒன்றும் படவில்லை. அவர் என் கையைத் தன் வாயருகே இழுத்து, “ந:” என்கிறார். மூக்கில் தொடங்கிய ஒலி வெதுவெதுப்பான காற்றாக உள்ளங்கையில் மோதுகிறது.

நான் முயன்றால் முதலில் இருமல்தான் வருகிறது. முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். நான்காவது தடவை என் கையிலும் காற்று படுகிறது.

“பிழை இல்லக்கா,” என்கிறார் அவர்.

இந்த வார்த்தையை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். என்னைப் பார்த்து இதுவரை யாரும் சொன்னதில்லை.