டிஸ்க் எத்தனை முறை படித்தது

எண்பதுகளில் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். முதலாளிகள் பிரான்ஸ்காரர்கள். கம்ப்யூட்டரும் அங்கிருந்துதான் வந்தது, அதன் கையேடும் பிரெஞ்சில் இருந்தது. நான் அதிலிருந்த படங்களைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஊருக்குள்ளேயே சாரம் பகுதியிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டிலேயே பிரெஞ்சு பேசுவார்கள். மேனேஜர் கையேட்டை என் மேசையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடிக்காமல் போனது.

கிடங்கு இருப்பு அறிக்கை வருவதற்குள் மதியம் ஆகிவிடும். டேட்டாபேஸ் ஒவ்வொரு வேலை முடிவிலும் எத்தனை முறை படித்தது, எழுதியது என்று திரையில் காட்டும். படித்த எண்ணிக்கை மலைபோல் இருந்தது. டிஸ்க் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவந்தேன்.

"அது டிஸ்க்க படிச்ச கணக்கு இல்லக்கா," என்றாள் அவள். "புரோகிராம் கேட்ட கணக்கு. கேட்டது மெமரிலயே இருந்தா டிஸ்க் பக்கம் போவாது. நெசமா போனது இந்தக் கீழ் வரில இருக்கு."

அந்தக் கீழ் வரியைப் பல வருடங்களாகப் பார்த்தவள் நான். புரியாத பிரெஞ்சுச் சொல் என்று விட்டிருந்தேன்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு சின்ன அறிக்கையை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினேன். முதல் முறை டிஸ்க்கின் சிவப்பு விளக்கு படபடவென்று மினுக்கியது. இரண்டாம் முறை சும்மா இருந்தது. மேல் வரி எண் மாறவில்லை, கீழ் வரியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவள் சொன்னது சரி.

கிடங்கு அறிக்கையிலும் கீழ் வரி எண் சின்னதுதான். டிஸ்க்கைப் படிப்பது குறைவென்றால் தாமதம் எங்கே? எழுதும் எண்ணிக்கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் சரக்கு வரவைப் பதியும்போது அது அசையவே இல்லை. அறிக்கை தொடங்கியதும் குபுகுபுவென்று ஏறியது. மாற்றங்களெல்லாம் மெமரியில் தேங்கியிருந்து, அறிக்கைக்கு இடம் தேவைப்படும்போதுதான் டிஸ்க்கிற்குப் போயின. காலை வேலையின் எழுத்தெல்லாம் அறிக்கையின் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. அறிக்கை தொடங்குவதற்கு முன், டீ இடைவேளையிலேயே அவற்றை டிஸ்க்கில் எழுதிவிடச் செய்தேன். அறிக்கை சீக்கிரம் வந்தது.

முதலில் அவளிடம்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசை.

"அட, எனக்குத் தோணவே இல்லியேக்கா," என்றவள் என் கையைப் பிடித்து மேனேஜரிடம் இழுத்துப் போனாள். "சார், அக்கா கண்டுபுடிச்சிட்டாங்க."

"நல்லதும்மா," என்றார் அவர், என்னிடம். பிறகு அவளிடம், "நீ இத பிரெஞ்சுல எழுதி பிரான்சுக்கு அனுப்பிடு."

என் பெயரைப் போட்டுத்தான் எழுதினாள். பதில் வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள். "உங்கள ரொம்பப் பாராட்டியிருக்காங்கக்கா." எனக்கு வந்த பாராட்டையும் அவள் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு என்மேல் ஒரு துளிப் பொறாமைகூட இல்லை என்பதுதான் இன்னும் எரிந்தது.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்களேன், பிரெஞ்சு சொல்லித் தரேன்," என்றாள்.

நேரமில்லை என்றேன். அடுத்த வாரம் முத்தியால்பேட்டையில் வேறொரு பிரெஞ்சு டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன்.