இரட்டை வீடும் என் முகமும்

கட்டடம் நன்றாக வந்தால் துரையின் திறமை, ஒழுகினால் படம் வரைந்தவனின் கை என்பதுதான் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். துரைமாரிடம் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரங்கூனில் என் துரைக்கு ஓர் ஆசை. சீமையில் அவர் ஊரில் பழைய இரட்டை வீடு ஒன்று இருந்ததாம். நடுவில் ஒரே சுவர், இடப்பக்கத்து வீட்டைக் கண்ணாடியில் பார்த்தால் வலப்பக்கத்து வீடு. செங்கல் முகப்பு, வாசலுக்கு மேலே விசிறிபோல் விரிந்த கண்ணாடி. அதை அப்படியே இங்கே எழுப்பினார். கட்டச் சொன்னவர் ஒரு பர்மிய அரிசி ஆலை முதலாளி, தமக்கொன்று, தம்பிக்கொன்று. துரைக்குப் பர்மிய பாஷை வராது. பதில் சொல்வது என் வேலை.

கணப்பு

முதலாளியின் மனைவி டோ மியா, கூடத்துச் சுவரில் இருந்த பொந்தைக் காட்டி என்னவென்று கேட்டார். குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு என்றேன். சித்திரை வெயில். கழுத்தைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை, பரிதாபமாகப் பார்த்தார்.

“தம்பி, இதை வரையும்போது உனக்கு வியர்க்கவில்லையா?”

தரைக்குக் கீழே

துரையின் ஊரில் சமையலறை தரைக்குக் கீழே இருக்குமாம். இங்கேயும் அப்படியே வைத்தோம். முதல் மழையிலேயே அந்த வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. துரைக்கு அன்றைக்கென்று தலைவலி, நான் போனேன். சமையல்காரர் முனியாண்டி முழங்கால் தண்ணீரில் நின்றார், அவரைச் சுற்றிப் பாத்திரங்கள் மிதந்தன.

“துரையைக் கேட்டுச் சொல்லுங்க சார், அவங்க ஊர்ல மழையே பெய்யாதா?”

பின்படி

மழை விட்டதும் வந்த விளக்குத் திருவிழாவுக்கு டோ மியா என்னையும் என் மனைவி செல்லம்மாளையும் விருந்துக்கு அழைத்தார். செல்லம்மாள் அப்போதுதான் கப்பலில் வந்து சேர்ந்திருந்தாள். வழியெல்லாம் முகப்பைப் பற்றியே அளந்தேன். வாசலில் காவல்காரர் மறித்தார். உள்ளே வெள்ளைக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், எங்களைப் பின்பக்கமாக வரச் சொன்னார். அழைத்தவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், நகரவில்லை.

பின்படி வேலைக்காரர்களுக்கு. ஒருவர் ஒருக்களித்துத்தான் ஏறலாம். அந்த அளவையும் நான்தான் வரைந்தேன். மேலே வந்தபோது அவளுடைய புதுப் புடவையெல்லாம் சுண்ணாம்பு. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மெதுவாகத் தட்டிவிட்டுக்கொண்டு என் காதருகே சொன்னாள்.

“முன்வாசல் ரொம்ப அழகா இருக்குங்க, போகும்போதாவது அந்தப் பக்கமாப் போகலாமா?”

ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகும் அந்த இரட்டை வீட்டை டிராம் கடக்கும்போதெல்லாம், நான் மட்டும் எதிர்வரிசைக் கடைப் பலகைகளை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருப்பேன்.